பலூன் சிகிச்சைக்குப் பின் தமனிச் சுவரும் கதிர்வீச்சும்

“அடைப்பை எடுத்துவிட்டீர்களே, நான்கே மாதத்தில் அது எப்படித் திரும்பி வந்தது?” என்று நோயாளர்களும் உறவினர்களும் எங்களிடம் கேட்பதுண்டு. இக்கேள்வியிலேயே ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. பலூன் சிகிச்சையில் அடைப்பு வெளியே எடுக்கப்படுவதில்லை. பலூன் அதனை நசுக்கிச் சுவரோடு ஒதுக்குகிறது. அப்போது தமனியின் சுவரையும் விரித்துக் கீறிவிடுகிறது. அந்தக் கீறல் இன்றிப் பாதை அகலாது. ஆகவே ஒவ்வோர் ஆஞ்சியோபிளாஸ்டியும் தமனிக்கு நாங்கள் அறிந்தே ஏற்படுத்தும் ஒரு காயம். பின்னர் நிகழ்வன எல்லாம் அக்காயம் ஆறும் விதத்தைப் பொறுத்தவை.

தமனிச் சுவர் மூன்று படலங்களால் ஆனது. உட்படலத்தின் மேற்பரப்பில் எண்டோதீலியம் எனப்படும் செல்கள் ஒற்றை வரிசையாகப் பாவியிருக்கின்றன. இரத்தம் குழாய்க்குள் உறையாமல் காப்பவை இவையே. நடுப்படலத்தில் தசைச் செல்களும், வெளிப்படலத்தில் நார்த்திசுவும் உள்ளன. பலூன் விரியும்போது எண்டோதீலியம் உரிந்துபோகிறது. நிமிடங்களில் இரத்தத் தட்டணுக்கள் அவ்விடத்தில் ஒட்டுகின்றன. சில நாள்களில் தசைச் செல்கள் பெருகத் தொடங்கி உள்நோக்கி நகர்ந்து, வாரக்கணக்கில் ஒரு புதுத் திசுவாகத் தடிக்கின்றன. வெளிப்படலத்தில் உருவாகும் தழும்பு குழாயை வெளியிலிருந்து இறுக்குகிறது. ஆறும் வேலை அளவு மீறினால் பாதை மீண்டும் குறுகிவிடும்.

1977 செப்டம்பரில் சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதன்முதலாக ஒரு நோயாளரின் இதயத் தமனியைப் பலூனால் விரித்த காலந்தொட்டே இந்த மறுகுறுக்கம் மருத்துவர்களைத் தொடர்ந்து வந்தது. பலூன் மட்டும் பயன்பட்ட காலத்தில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஆறு மாதங்களுக்குள் இது நேர்ந்தது. ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழாய் வந்தபின், குழாய் சுருங்குவதும் இறுகுவதும் பெரிதும் தடுக்கப்பட்டன. ஆனால் அவ்வுலோகமே தசைச் செல்களின் வளர்ச்சியைத் தூண்டியது. வலையின் கண்கள் வழியே திசு உள்ளே வளர்ந்தது.

இவ்விடத்தில்தான் கதிர்வீச்சு நுழைகிறது. காது குத்திய இடத்தில் சிலருக்குத் தோல் கட்டிபோல் தடித்து வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய தழும்பை வெட்டியெடுத்தபின் சிறிதளவு கதிர்வீச்சு கொடுத்தால் அது மீண்டும் வளர்வது குறையும் என்பது நெடுங்காலமாக அறிந்த உண்மை. தமனிக்குள் வளரும் திசுவும் ஒரு வகைத் தழும்புதானே என்ற எண்ணத்தில், 1990-களில் இம்முறை இதயத் தமனிகளில் ஆராயப்பட்டது. இரிடியம்-192, ஸ்ட்ரான்ஷியம்-90 போன்ற கதிரியக்கப் பொருளை மெல்லிய குழாய் வழியே குறுகிய இடத்திற்குச் செலுத்தி, சில நிமிடங்கள் நிறுத்தி, பின் முழுவதுமாக வெளியே எடுத்துவிடுவர். உடலுக்குள் எதுவும் தங்குவதில்லை. சிகிச்சை முடிந்தவரிடம் குழந்தைகள் நெருங்கலாமா என்ற அச்சத்திற்கு இடமே இல்லை.

கதிர்வீச்சு செல்லின் மரபுப்பொருளைச் சிதைக்கிறது. பெருகாமல் அமைதியாக இருக்கும் செல்லை அது அவ்வளவாகப் பாதிப்பதில்லை. பெருக முனையும் செல்லுக்கு அந்த ஆற்றல் போய்விடுகிறது. ஆகவே தசைச் செல்களின் பெருக்கம் அடங்குகிறது. வெளிப்படலத்தின் தழும்பும் குறைகிறது. ஸ்டென்டுக்குள் மீண்டும் அடைப்பு வந்தவர்களுக்கு இது உண்மையாகவே பயன்பட்டது. 2000-ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவில் இதற்கு ஒப்புதல் கிடைத்தது.

ஆனால் கதிர், வேண்டாத செல்லையும் வேண்டிய செல்லையும் பிரித்தறிவதில்லை. உரிந்த எண்டோதீலியம் மீண்டும் படர்வதற்கும் செல்கள் பெருகியாக வேண்டும். அதுவும் தாமதமாயிற்று. தமனியின் உட்புறம் மாதக்கணக்கில் போர்வையின்றிக் கிடந்தது. தட்டணு மாத்திரைகளை ஓரிரு மாதங்களில் நிறுத்தியவர்கள் சிலருக்கு, பல மாதங்கள் கழித்துத் திடீரென இரத்தம் உறைந்து தமனி அடைபட்டது. இது மறுகுறுக்கத்தைவிடக் கொடியது. மறுகுறுக்கம் பெரும்பாலும் படியேறும்போது வரும் நெஞ்சுவலியாக மெல்லத் தலைகாட்டும். உறைகட்டியோ மாரடைப்பாகவே வரும். மாத்திரைக் காலத்தை நீட்டித்தபின்னரே இந்த ஆபத்து குறைந்தது.

இன்னொரு குறையும் தெரியவந்தது. பலூன் கீறிய பகுதி முழுவதையும் கதிர் எட்டாதபோது, ஓரங்களில் காயம் இருந்தும் போதிய கதிர் இல்லாமற்போய், அங்கே குறுக்கம் தோன்றியது. நீண்டகால விளைவு பற்றிய எச்சரிக்கையும் மருத்துவர்களிடம் இருந்தது. புற்றுநோய்க்காக மார்பில் கதிர்வீச்சு பெற்ற சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து இதயத் தமனிகளில் அடைப்பு வருவதை அவர்கள் அறிந்திருந்தனர். அவ்வாறு சிகிச்சை பெற்றவர்கள் அதனை இதய மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும்.

2003-க்குப் பின் மருந்து பூசிய ஸ்டென்டுகள் பரவியதும் கதிர் முறை பின்னுக்குச் சென்றது. ஸ்டென்டின்மேல் ஸ்டென்ட் வைத்தும் அடைபடுபவர்களுக்கு, வெளிநாடுகளில் சில மையங்களில் மட்டும் இன்றும் அது பயன்படுகிறது. அப்படியிருக்க இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்? உங்களுள் பெரும்பாலோர் தாங்கியிருக்கும் மருந்து பூசிய ஸ்டென்டும் செல்களின் பெருக்கத்தைத் தடுத்தே பாதையைக் காக்கிறது. கதிர்வீச்சு அளவுக்கு இல்லையென்றாலும், எண்டோதீலியம் படர்வதை அதுவும் தாமதப்படுத்துகிறது. அந்த இடைக்காலத்தில் காவலாக நிற்பவை ஆஸ்பிரினும், அதனுடன் தரப்படும் குளோபிடோகிரெல் அல்லது டிகாக்ரெலார் போன்ற மாத்திரையும்தாம்.

நெஞ்சுவலி அறவே இல்லை, நன்றாக நடக்கிறேன், பிறகு எதற்கு இரண்டு மாத்திரை என்று நினைக்கத் தோன்றும். வலி இல்லாமை பாதை திறந்திருப்பதைக் காட்டுமேயன்றி, சுவர் மூடிக்கொண்டதைக் காட்டாது. எத்தனை மாதம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பையும் எடைபோட்டே அதை முடிவுசெய்கிறோம். பல் பிடுங்கவோ, கண் அறுவைக்கோ, வேறெதற்கோ மாத்திரையை நிறுத்தச் சொன்னால், நிறுத்தும் முன் எங்களிடம் கேளுங்கள். பல வேளைகளில் நிறுத்தத் தேவையே இராது. சில அறுவைகளை ஒத்திவைக்கலாம். ஸ்டென்ட் வைத்த தேதியும் அதன் வகையும் குறித்த அட்டை நோயாளரின் சட்டைப்பையில் இருக்கட்டும். அதன் படம் ஒன்று வீட்டில் இன்னொருவர் கைபேசியிலும் இருக்கட்டும்.