கம்பியின்றி வரும் மின்னாற்றல்

லிட்டில் இந்தியா பெருவிரைவு ரயில் நிலையத்தில் பயண அட்டையைக் காட்டியதும் தடுப்புக் கதவு திறக்கிறது. 2002ஆம் ஆண்டில் அறிமுகமான ஈஸி-லிங்க் அட்டைக்குள் மின்கலம் எதுவும் இல்லை. கதவிலுள்ள கருவியின் மாறும் காந்தப்புலம், அட்டைக்குள் இருக்கும் கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்தச் சிறு ஆற்றலைக் கொண்டே அட்டை விடையளிக்கிறது. ஆயின் அட்டை சற்று விலகினாலும் ஆற்றல் எட்டாது.

இன்று தாமாகவே செய்தி அனுப்பும் கருவிகள் பெருகி வருகின்றன. பொதுப் பயனீட்டுக் கழகம் 2022 முதல் பொருத்தத் தொடங்கிய அறிவார்ந்த நீர்மானிகள் முதற்கட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 300,000. அளவைக் குறித்துச் செல்ல ஆள் வரத் தேவையில்லை. ஆனால் இத்தகைய கருவிகளில் மின்கலம் தீர்ந்தால் ஆள் வந்தே ஆகவேண்டும். ஆகவேதான், சிறு கருவிகளுக்குத் தொலைவிலிருந்தே ஆற்றல் அனுப்பும் வழியை அறிஞர் நாடுகின்றனர்.

ரேடியோ அலைகள் அறையைக் கடந்து செல்லும். எனினும் அவை பரவப் பரவ மெலியும். தொலைவு இருமடங்கானால் கருவி பெறும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகும். அதைக் கொண்டு அது அனுப்பும் மறுமொழியும் வழியில் அவ்வாறே மெலிந்து, பதினாறில் ஒரு பங்காகவே வந்து சேரும். இந்த இரட்டை இழப்பைச் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2014ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் விளக்கினர். தொலைவிலுள்ள கருவிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குவது அவர்கள் காட்டிய பரிகாரம்.

மற்றொரு வழி, அலையை வெளியிடும் ஆன்டெனாவையே கருவிக்கு அருகே நகர்த்துவது. ஜப்பானின் டொகோமோ நிறுவனம் 2022இல் இத்தகைய அமைப்பொன்றை விவரித்தது. அலையைத் தன்னுள் ஏந்திச் செல்லும் நீண்ட தடத்தின்மீது சிறு பிளாஸ்டிக் துண்டைக் கவ்வச் செய்தால், அவ்விடத்தில் அலை வெளிப்படும். துணி உலர்த்தும் கழியில் கவ்வியை வேண்டிய இடத்திற்கு மாற்றுவது போன்றதே இது. தகவல் தொடர்புக்கென உருவான இம்முறையை ஆற்றல் அனுப்பவும் பயன்படுத்துவது குறித்து இப்போது ஆய்வுகள் நடைபெறுகின்றன.

சிறு கணக்கொன்றைக் காண்போம். 6 மீட்டர் தொலைவு 2 மீட்டராகக் குறைந்தால், கருவி 9 மடங்கு ஆற்றல் பெறும். அதன் மறுமொழி 81 மடங்கு வலிமையுடன் திரும்பும்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. கவ்வி ஒரு கருவியை நெருங்கும்போது மற்றொன்றை விட்டு விலகும். எனவே நேரத்தைப் பங்கிட்டே ஆகவேண்டும். கிடைக்கும் ஆற்றலும் வெப்பம், ஈரம் போன்றவற்றை அளக்கும் சிறு கருவிகளுக்கே போதுமானது, கைத்தொலைபேசிக்குப் போதாது. எனினும், மக்கள் வாழும் இடத்தில் அலையின் வலிமையை விரும்பியவாறு உயர்த்த இயலாது. வலிமையைக் கூட்டுவதைவிடத் தொலைவைக் குறைப்பதே அங்கு ஏற்ற வழியாகும்.