ஒன் வே விஷன் ஸ்டிக்கர்: ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

வெளியே இருந்து பார்த்தா விளம்பரம், உள்ளே இருந்து பார்த்தா ரோடு. இதுதான் ஒன் வே விஷன் ஃபிலிம். படத்துக்குப் பின்பக்கம் கறுப்பு; முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள்.

லேமினேட் எதுக்கு? நவம்பர் மழையில நெல்லித்தோப்பு சிக்னல்ல ஒரு வேன் நிக்குதுன்னு வச்சுக்கோங்க. ஓட்டைகள்ல தண்ணி தேங்கினா பின்கண்ணாடி மங்கிடும். மேலே தெளிவான லேமினேட் இருந்தா தண்ணி, தூசி உள்ளே போகாது. வளைந்த கண்ணாடிக்கு காஸ்ட் வகைதான் நல்லது. விலை குறைவான காலண்டர்டு வகை வெயில்ல சுருங்கி ஓரம் தூக்கும். லேமினேட்டை ஃபிலிமைவிட சில மி.மீ. பெருசா வெட்டினா ஓரமும் மூடிக்கும்.

ஆனா எவ்வளவு நல்ல லேமினேட்டும் ஓட்டையைப் பெருசாக்காது. மத்திய மோட்டார் வாகன விதி 100 சொல்றது இது: முன், பின் கண்ணாடி 70%, பக்கக் கண்ணாடி 50% ஒளியை விடணும். 50/50 ஃபிலிம்ல திறந்த பரப்பே பாதிதான். கண்ணாடியும் கொஞ்சம் ஒளியைத் தடுக்கும். பின்பக்கம் ஃபெயில், பக்கத்துலயும் ஃபெயில். 27.4.2012 அன்று உச்ச நீதிமன்றம் வாகனங்கள்ல கறுப்பு ஃபிலிமுக்குத் தடை போட்டதும் இந்த விதியை வச்சுத்தான்.

அதனால வண்டியோட பாடிக்கு காஸ்ட் வினைல், கடைக் கண்ணாடிக்கு ஒன் வே விஷன். பின்னாடி வர்ற பைக் டிரைவர் கண்ணுக்குத் தெரியணும், லோகோ அப்புறம்தான்.