விடை வந்தால் போதுமா? – தானியங்கிச் சோதனைக்கு ஒரு வகுப்பறைப் பயிற்சி

பன்னிரண்டாம் வகுப்பு ஆய்வகத்தில் பிழைச்செய்தி இல்லாமல் நிரல் ஓடியதும் வேலை முடிந்ததாக மாணவர்கள் எண்ணுகிறார்கள். ஓடுவது வேறு, சரியான விடை தருவது வேறு. இதைப் புரியவைக்க, நாமக்கல் பகுதிப் பிள்ளைகள் நன்கறிந்த முட்டைக் கணக்கை எடுத்துக்கொள்கிறேன்.

ஓர் அட்டையில் 30 முட்டை. கொடுத்த முட்டைகளுக்கு எத்தனை அட்டை வேண்டும்? பலர் 30 ஆல் வகுத்து, ஈவுடன் 1 கூட்டுகிறார்கள். 50 முட்டைக்கு 2 எனச் சரியாகவே வரும். எனவே, நிரல் எழுதும் முன்பே எதிர்பார்க்கும் விடைகளைப் பட்டியலிடச் சொல்கிறேன்: 0 முட்டைக்கு 0, 1க்கு 1, 30க்கு 1, 31க்கு 2. நிரலின் விடைகளைப் பட்டியலோடு ஒப்பிடும் சிறு நிரலையும் அவர்களே பைத்தானில் எழுதுவார்கள். 0, 30 இரண்டிலும் தவறு வெளிப்படும். 1 கூட்டுவதை நீக்கினால் அவை சரியாகும். ஆனால் 1, 31 தவறாகிவிடும். மீதி இருந்தால் மட்டுமே 1 கூட்ட வேண்டும் என்பது அப்போது விளங்கும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் எல்லாச் சோதனைகளையும் மீண்டும் ஓட்டுவது இதற்காகத்தான்.

பல நாட்டவர் சேர்ந்து திருத்தும் திறந்தமூலத் தரவுத்தளச் சேவையகமான போஸ்ட்கிரெஸ்கியூஎல்லிலும் இதே முறைதான். மூலநிரலைக் கம்பைல் செய்து 'மேக் செக்' என்று கட்டளையிட்டால், தற்காலிகச் சேவையகம் ஒன்று தொடங்கி எஸ்கியூஎல் சோதனைகள் ஓடும். வெளியீடு, முன்பே எழுதிவைத்த கோப்புகளுடன் ஒப்பிடப்படும். வேறுபாடுகள் தனிக் கோப்பில் பதிவாகும்.

காரணம் அறியாமல் எதிர்பார்ப்பு விடையை மாற்றக் கூடாது. அது விடைத்தாளுக்கு ஏற்ப விடைக்குறிப்பைத் திருத்துவது போன்றது. மதிப்பிடும்போது நிரலோடு, மாணவர் தேர்ந்தெடுத்த சோதனை மதிப்புகளையும் பார்ப்போம்.