தலையில் அடிபட்டபின் மூளையின் வடிகால்

பனை ஏறுகையில் பிடி நழுவி விழுதல், மாட்டின் கொம்பு நெற்றியில் மோதுதல், வரப்பில் சறுக்கிக் கல்லின்மேல் சாய்தல், இருசக்கர வண்டியிலிருந்து தூக்கி எறியப்படுதல் ஆகியவை நம் கிராமங்களுக்குப் புதியன அல்ல. அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டுவிட்டால் சுற்றி நிற்பவர்கள் ஆறுதல் அடைகிறார்கள். இரத்தம் வரவில்லை, நினைவும் தப்பவில்லை, ஆகவே ஒன்றுமில்லை என்று தீர்ப்பாகிவிடுகிறது. மறுநாள் பொழுது விடியுமுன் அவர் மீண்டும் மரத்தடியில் நிற்கிறார். இத்தீர்ப்பு எவ்வளவு அவசரமானது என்பதை, 2012-ஆம் ஆண்டு முதல் மூளையைப் பற்றித் தெரியவந்துள்ள சில உண்மைகளைக் கொண்டு இங்கே ஆராய்வோம்.

முதற்கண் 'இலேசான தலைக்காயம்' என்பதன் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கண் திறத்தல், பேச்சு, கைகால் அசைவு ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் இட்டு, மொத்தம் 15-க்குக் கணக்கிடும் முறை ஒன்று 1974-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் வகுக்கப்பட்டது. அதில் 13 முதல் 15 வரை பெறுபவரை இலேசான காயமுற்றவர் என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். இது மருத்துவரின் கணக்கு மட்டுமே. தலைவலி, கிறுகிறுப்பு, மறதி, எரிச்சல், தூக்கமின்மை ஆகியவற்றால் வாரக்கணக்கில் அல்லலுறுபவருக்கு அக்காயம் இலேசானதன்று. ஸ்கேன் படத்தில் ஒரு குறையும் தெரியாமலிருக்கும்போதும் இத்தொல்லைகள் நீடிப்பதுண்டு.

இனி மூளையின் உட்புறத்தைக் காண்போம். வளர்ந்தவரின் மூளை ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ளது. உடலின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆயினும், உடல் ஓய்ந்திருக்கையில் செலவாகும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. வேலை மிகுந்த இடத்தில் கழிவும் மிகும். உடலின் பிற உறுப்புகளில் நிணநீர்க் குழாய்கள் ஊடுருவிச் சென்று கழிவை வடிக்கின்றன. மூளையின் திசுவுக்குள் அத்தகைய குழாய்கள் இல்லை. அவ்வாறாயின் அதன் கழிவு எவ்வழியே வெளியேறுகிறது?

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து தெளிந்த நீர் ஒன்று உள்ளது. எந்நேரமும் சுமார் 150 மில்லிலிட்டர் இருக்கும் அந்நீர், நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் புதிதாகச் சுரக்கிறது. மூளைக்கு அதிர்ச்சி தாங்கும் மெத்தையாகவே அது பெரிதும் கருதப்பட்டு வந்தது. 2012-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெய்கன் நெடர்கார்ட் என்னும் அம்மையாரும் ஜெஃப்ரி இலிஃப் முதலிய அவர்தம் குழுவினரும் சுண்டெலிகளின் தண்டுவட நீரில் சாயம் கலந்து, அது செல்லும் வழியைக் கண்டறிந்தனர். நீர் தமனிகளின் வெளிப்புறத்தை ஒட்டிய இடைவெளி வழியே மூளைக்குள் இறங்குகிறது. திசுக்களின் இடையே ஊறிக் கழிவைக் கரைத்துக்கொள்கிறது. பின்னர்ச் சிரைகளை ஒட்டி வெளியேறுகிறது.

உவர் நிலத்தைத் திருத்தியவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வார்கள். நல்ல நீரைத் தேக்கி, உப்பைக் கரையவிட்டு, வடிகாலில் வடித்துவிடுகிறோமல்லவா? இங்கு நீரை உந்துவதில் பெரும்பங்கு தமனியின் துடிப்புக்கு உரியது. இரவும் பகலும் ஓயாமல் ஏற்றம் இறைக்கும் ஆள் அது. மதகுகளாக உதவுபவை, நட்சத்திர வடிவமுள்ள ஒருவகை உயிரணுக்களின் பாதங்களில் அமைந்த நுண்ணிய நீர்வாயில்கள். அக்குவாபோரின் என்னும் இவ்வாயில்களின் இனத்தைக் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ருக்கு 2003-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது.

மூளையை மூடியுள்ள உறைகளில் நிணநீர்க் குழாய்கள் இருப்பதை 2015-ஆம் ஆண்டில் வர்ஜீனியாவிலும் ஹெல்சிங்கியிலும் பணியாற்றிய இரு குழுக்கள் சுண்டெலிகளில் காட்டின. 2017-இல் மனிதரிடமும் அவை படம் பிடிக்கப்பட்டன. வியப்பு யாதெனில், இத்தாலிய உடற்கூற்று அறிஞர் பாவ்லோ மஸ்காஞி 1787-ஆம் ஆண்டிலேயே அவற்றைக் குறிப்பிட்டிருந்தார், அதனைப் பொருட்படுத்துவாரில்லை! இக்குழாய்கள் கழிவு நீரைக் கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டுசெல்கின்றன. கழுத்தில் 'நெறி கட்டியிருக்கிறது' என்று நாம் கூறுவது இத்தகைய கணுக்கள் வீங்குவதையே.

தலையில் அடிபட்டால் இந்த வடிகால் என்னவாகிறது? சுண்டெலிகளின் மூளையில் காயம் உண்டாக்கி ராச்செஸ்டர் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நீரோட்டம் சுமார் 60 சதவீதம் குறைந்தது. குறைந்தது ஒரு மாதம் வரை அக்குறை நீடித்தது. உயிரணுக்களின் பாதங்களில் இருக்கவேண்டிய நீர்வாயில்கள் இடம் பெயர்ந்து சிதறியிருந்தன. மதகைப் பெயர்த்து வயலின் நடுவே நட்டால் நீர் எங்ஙனம் வடியும்? டௌ என்னும் புரதமும் அங்கே தங்கித் திரண்டது. முதுமையில் நினைவை அழிக்கும் அல்சைமர் நோயாளிகளின் மூளையில் திரண்டு காணப்படுவதும் இப்புரதமே.

அவை சற்றுக் கடுமையான காயங்கள் என்று வாசகர்கள் கூறலாம். 2020-ஆம் ஆண்டில் வர்ஜீனியா ஆராய்ச்சியாளர்கள் மண்டையோடு உடையாத இலேசான அடியையே ஆராய்ந்தார்கள். அதிலும் சில மணி நேரத்திற்குள் உறையிலுள்ள குழாய்களின் வடிப்பு குன்றியது; ஒரு மாதம் சென்றும் சீராகவில்லை. முன்னரே வடிகால் பழுதுபட்டிருந்த சுண்டெலிகளுக்கு அதே அடி மிகுந்த அழற்சியையும் நினைவுக் குறைவையும் விளைவித்தது. முதல் அடியின் வடு ஆறுமுன் இரண்டாம் அடி படுவதை நாம் அஞ்சுவதற்கு இது மேலும் ஒரு காரணம்.

இவை பெரும்பாலும் சுண்டெலிகளில் கண்டவை. மனிதரிடம் இந்நீரோட்டத்தை நேரடியாக அளப்பது இன்னும் எளிதாகவில்லை. 2023-இல் நாரட்ரினலின் என்னும் சுரப்பைத் தடுக்கும் மருந்துகளை அடிபட்ட சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது மூளை வீக்கம் தணிந்து நீரோட்டம் மீண்டது. அத்தகைய மருந்துகள் சில இரத்த அழுத்தத்திற்கும் வழங்கப்படுகின்றன. அவற்றை யாரும் தாமாக வாங்கி விழுங்கலாகாது.

தூக்கத்தைப் பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு. உறங்கும் சுண்டெலியின் மூளையில் உயிரணுக்களுக்கு இடைப்பட்ட வெளி 14 சதவீதத்திலிருந்து 23 சதவீதமாக விரிந்து கழிவு விரைந்து நீங்குவதாக 2013-இல் ராச்செஸ்டர் குழுவினர் கூறினர். 2024-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் இதற்கு மாறாக, உறக்கத்தில் கழிவு நீக்கம் குறைவதாகக் கண்டனர். வழக்கு முடியவில்லை. ஆயினும் அடிபட்டவருக்கு இரவில் நல்ல உறக்கம் வேண்டும் என்பதற்கு மருத்துவர்களின் அனுபவமே போதிய சான்றாகும்.

இங்குதான் நம் ஊர் வழக்கம் ஒன்று குறுக்கிடுகிறது. தலையில் அடிபட்டவரைத் தூங்கவே விடக்கூடாது என்று இரவு முழுவதும் தட்டி எழுப்பிக்கொண்டிருப்பவர்கள் உளர். அவ்வச்சத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. மண்டைக்குள் இரத்தம் கசிந்தால் வரும் மயக்கத்தைத் தூக்கமென்று எண்ணி ஏமாறக்கூடும். ஆகையால் முதல் 24 மணி நேரம் பொறுப்புள்ள ஒருவர் உடனிருத்தல் வேண்டும். மருத்துவர் பார்த்து வீட்டிற்கு அனுப்பியபின், அவர் கூறியபடி கவனித்துக்கொண்டு தாராளமாக உறங்கவிடலாம். எழுப்பினால் எழாமை, திரும்பத் திரும்ப வாந்தி, வரவர மிகும் தலைவலி, வலிப்பு, பேச்சுக் குளறல், கைகால் சோர்வு, கண்மணிகள் ஒன்றுக்கொன்று அளவில் வேறுபடுதல், மூக்கிலோ காதிலோ இரத்தமோ தெளிந்த நீரோ வடிதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் 108-ஐ அழைக்கத் தயங்கலாகாது. முதியோரையும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களையும், குழந்தைகளையும் அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் மருத்துவமனையில் காட்டிவிடுவதே தக்கது.

ஓய்வு எத்தனை நாள்? பல வாரங்கள் இருட்டறையில் கிடக்கவேண்டும் என்னும் பழைய கருத்தை மருத்துவர்கள் கைவிட்டுவிட்டனர். ஓரிரு நாள் வேலையைக் குறைத்துக்கொண்டு, பின்னர்ச் சிறிது சிறிதாக நடமாடத் தொடங்கலாம். மது கூடாது. தலைவலியும் கிறுகிறுப்பும் முற்றும் நீங்கி, மருத்துவர் இசையும்வரை மரமேறுதல், டிராக்டர் ஓட்டுதல், கபடி ஆடுதல் ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும். ஆட்டத்தில் தலை மோதியவரை அதே ஆட்டத்தில் மறுபடி இறக்கும் வழக்கத்தை ஊர்ப் பெரியவர்கள் தடுக்க முடியும், தடுக்கவும் வேண்டும்.

அன்றாடக் கூலியால் பிழைப்பவரிடம் ஓய்வெடு என்று சொல்வது எளிது. அவர் வீட்டு அடுப்பு எரியவேண்டுமல்லவா? அடிபட்டவருக்குச் சில நாட்கள் நிழலில் செய்யும் பணியைக் கொடுக்குமாறு தோப்புக்காரரிடமும் மேஸ்திரியிடமும் ஊராட்சி உறுப்பினர் ஒருவர் நேரில் பேசினால் அச்சொல்லுக்கு மதிப்பிருக்கும். விபத்து நிகழ்ந்த இடத்திலேயே அவர் செய்யக்கூடிய உதவி மற்றொன்றும் உண்டு. விழுந்த நேரம், விழுந்த உயரம், எவ்வளவு நேரம் நினைவு தப்பியிருந்தார், எத்தனை முறை வாந்தி எடுத்தார், என்னென்ன மருந்து உண்டு வருகிறார் என்பவற்றை ஒரு தாளில் குறித்து உடன் அனுப்பலாம். மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகள் இவையே. அடிபட்டவருக்கு இவை பெரும்பாலும் நினைவிருப்பதில்லை.