மனத்துக்கும் உண்டு வேகக் கட்டுப்பாடு

சென்னையில் இருக்கும் மனநல ஆலோசகர் ஒருவருடன் வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரம், கைபேசித் திரையில் முகம் பார்த்துப் பேசி வருகிறேன். நான் உட்கார்ந்திருப்பது ஜங்கிலிகாட்டில் என் மகன் வீட்டு வராந்தாவில். "பைத்தியத்துக்கு வைத்தியமா?" என்று சங்கத்து நண்பர் ஒருவர் காதோடு காதாகக் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே சற்று விரித்து எழுதுகிறேன். நம் குடும்பங்களில் வேறு சிலருக்கும் பயன்படக்கூடும்.

செயற்கைக்கோளை மட்டுமே நம்பியிருந்த காலத்தில் இந்தத் தீவுகளிலிருந்து இப்படிப் பேசுவது சுலபமாக இல்லை. படம் உறைந்து நிற்கும், குரல் அறுந்துபோகும். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) மற்றும் ஏழு தீவுகளுக்கும் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடி ஒளியிழைக் கம்பி 2020 ஆகஸ்டு 10 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. அதன் பிறகுதான் இதெல்லாம் கைகூடிற்று. தொலைவிலிருந்து மன வைத்தியம் செய்வது என்னவோ அதற்கும் முந்தியது. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், 2010 முதல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்குப் பேருந்து ஒன்றை அனுப்பி, அதிலுள்ள திரை வழியாகச் சென்னை மருத்துவரை நோயாளியுடன் பேச வைத்தது.

என் சங்கதிக்கு வருகிறேன். ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மனைவி காலமான பின், ரயிலே இல்லாத இந்த ஊருக்கு மகனோடு வந்தேன். பகலில் மகனும் மருமகளும் அலுவலகம்; பேத்தி பள்ளிக்கூடம். அவள் வாயில் வருவதும் இந்திதான். இரவு இரண்டு மணி வரை விழிப்பு, பகலெல்லாம் படுக்கை, நாலு நாளுக்கு ஒரு சவரம். இரத்தப் பரிசோதனையில் குறை ஒன்றுமில்லை என்றார்கள்.

முதல் நாள் ஆலோசகர், "என்ன மாறணும் சார்?" என்று கேட்டார்.

"மனசு சரியாகணும் அம்மா" என்றேன்.

"சரியாயிட்டதுன்னு வெச்சுக்குவோம். மறுநாள் காலையில என்ன செய்வீங்க? வீட்டுல இருக்கறவங்க எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பாங்க?"

யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சவரம் செய்துகொண்டு, அபர்டீன் பஜாருக்கு நடந்து போய்க் காய்கறி வாங்கி வருவேன் என்றேன். "அப்போ அதுலேருந்தே ஆரம்பிக்கலாம்" என்றார். ஆனால் பஜார் வரை வேண்டாம், முதல் வாரம் தெருமுனை வரை பத்து நிமிடம் போதும் என்று குறைத்துவிட்டார்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மனம் நன்றாக இருந்தால் வெளியே போகலாம் என்று நாம் காத்திருப்போம். மனமோ நாம் வெளியே போகட்டும் என்று காத்திருக்கும். எனவே முதலில் செயல், பின்னால் மனநிலை என்று வரிசையை மாற்றுகிறார்கள். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வு கடுமையாக இருந்த 495 பேரிடம் இதைச் சோதித்து, முடிவை 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பேசியவர்கள் மனநல நிபுணர்கள் அல்லர், பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். ஆறிலிருந்து எட்டு அமர்வுகள், அவ்வளவுதான். மூன்று மாத முடிவில், ஆலோசனை பெற்றவர்களில் நூற்றுக்கு 64 பேர் தேறியிருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 பேர்.

எனக்கு இது புரிய நேரமாகவில்லை. தண்டவாளத்தின் அடியில் ஜல்லியை வாரிச் சலித்துத் திரும்பப் போட்ட இடத்தில் முதல் வண்டியை முழு வேகத்தில் விடமாட்டோம். டிரைவர் கையில் காஷன் ஆர்டர் கொடுத்து 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டச் சொல்வோம். வண்டிகள் போகப்போக ஜல்லி இறுகும். பிறகு 45, பிறகு 75. அடுத்த அமர்வில் இதைச் சொன்னேன். அன்று முதல் அவரும், "இந்த வாரம் எத்தனை கிலோமீட்டர் சார்?" என்றுதான் கேட்கிறார்.

ஊர் நிலவரத்தை நாம்தான் சொல்லவேண்டும். மாலை ஆறு மணிக்கு நடக்கலாமே என்றார், சென்னைக் கணக்கில். கடிகாரம் இரண்டு ஊருக்கும் ஒன்று, சூரியன் அப்படி இல்லை. இங்கே சுமார் 50 நிமிடம் முந்தி அஸ்தமிக்கிறது. டிசம்பரில் ஐந்து மணி சுமாருக்கே இருட்டத் தொடங்கிவிடும். அந்த நீண்ட சாயங்காலம்தான் என்னைப் படுத்தியது என்பதும் அந்தப் பேச்சில்தான் வெளிவந்தது. நடை நாலு மணிக்கு மாறியது.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். செய்தது என்ன, செய்த பின் மனம் பத்துக்கு எத்தனை, இவ்வளவுதான் பதிவு. முதல் வாரம் ஏழு நாளில் மூன்று நாள்தான் நடந்தேன். அவர் குறை சொல்லவில்லை. மற்ற நாலு நாளும் எது தடுத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இரண்டு நாள் மழை. மழை பெய்தால் வராந்தாவிலேயே பதினைந்து நிமிடம் என்று அப்போதே முடிவாயிற்று. தூக்கத்துக்கும் சட்டம் உண்டு: பகலில் கட்டிலில் சாயக்கூடாது, இரவில் இருபது நிமிடம் போல் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் உட்கார வேண்டும், எப்போது தூங்கினாலும் எழும் நேரம் மாறக்கூடாது. கட்டில் என்றால் தூக்கம் என்று உடம்பு மறுபடி பழகுவதற்காக இது. முதல் வாரம் கொடுமைதான். மூன்றாம் வாரம் பன்னிரண்டுக்குள் தூங்கினேன்.

சாயங்காலத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. வாரம் நாலு நாள், பத்து நிமிடம், பேத்திக்குத் தமிழ் எழுத்து. பத்து நிமிடத்துக்கு மேல் கூடாது என்பது ஆலோசகர் உத்தரவு. இப்போது "தாத்தா, நேரமாச்சு" என்று அவளே சிலேட்டுடன் வந்து நிற்கிறாள். மனைவியின் புடவைகள் இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒழுங்கு செய்வதும் என் பட்டியலில் உண்டு. அதற்கு இன்னும் தேதி குறிக்கவில்லை. அவசரமில்லை என்கிறார். அந்த இடத்தில் 20 கிலோமீட்டர் பலகை நட்டபடியே நிற்கிறது.

சேர விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்பவரிடம் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு உண்டா என்று கேளுங்கள்; கேட்பதில் மரியாதைக் குறைவு இல்லை. பேசும் நேரத்தில் வீட்டார் சற்று விலகியிருக்க வேண்டும். மருந்து எழுதுவது சைக்யாட்ரிஸ்ட் டாக்டரின் வேலை, ஆலோசகரின் வேலை அல்ல. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் வாராந்தர அமர்வுக்காகக் காத்திருக்கக் கூடாது. வீட்டாரிடம் சொல்லி உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பணம் கொடுத்துப் பேச வசதியில்லாதவர்களுக்கு மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் 10 முதல் நடந்து வருகிறது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். எண் 14416.