நாகசாகித் துறையும் அதனைக் கண்ட யாத்திரிகரும்

பிறநாட்டு யாத்திரை நூல்களை நாம் பெரும்பாலும் ஊர் வருணனைக்காகவே படிக்கின்றோம். மலை இன்ன வடிவினது, கடைவீதி இத்துணை அகலமுடையது, மக்கள் இன்ன உடை உடுத்தனர் என்பவற்றைக் குறித்துக்கொண்டு நூலை மூடிவிடுகின்றோம். இவற்றையெல்லாம் அந்த யாத்திரிகனுக்குச் சொன்னவர் யாவர், சொன்னமையால் அவர்க்கு நேர்ந்தது யாது என்று வினவுவார் அரியர். இவ்வினாவை எழுப்புதற்கு ஜப்பான் தேசத்து நாகசாகியினும் ஏற்ற துறைமுகம் ஒன்றுண்டோ என்பது எமக்கு ஐயமே. இருநூறு வருஷங்களுக்கு மேலாக மேனாட்டுக் கப்பல்கள் முறைப்படி வந்திறங்குதற்கு விடப்பட்ட வாயில் அஃதொன்றே. அவ்வாயிலிலும் அவர்கள் நிற்க விடப்பட்ட இடம் ஒரு சிறு தீவேயாகும்.

நாகசாகி, கியூஷூ என்னும் தென்தீவின் மேல்கரையில், நிலத்தினுள் நீண்டு புகுந்த ஒரு குடாவின் கோடியில், மலைகள் சூழ அமைந்தது. 1571-இல் போர்த்துக்கீசியரின் வாணிகக் கப்பல் வந்து தங்கிய பின்னரே அச்சிற்றூர் பட்டினமாயிற்று. நம் முத்துக்குளித்துறையில் பரதவரிடையே பணிபுரிந்து பின் கீழ்த்திசை சென்ற பிரான்சிஸ் சவேரியார் 1549-இல் கரையிறங்கியது ககோஷிமாவில். நாகசாகிப் பட்டினம் எழுமுன்னரே அவர் காலஞ்சென்றார். ஆனால் நம் நாட்டிற் பிறந்த வேறொருவர் அவ்வூரில் உயிர் துறந்தனர். பம்பாய்க்கு அணித்தாகிய வசாய் என்னும் ஊரினர், கொன்சாலோ கார்சியா என்பார். ஜப்பானிய மொழியை நன்கு பேசக் கற்றிருந்தமையால் பிரான்சிஸ்கன் சபைத் துறவியர்க்கு அவரே மொழிபெயர்த்து உதவினார். 1597 பெப்ரவரி 5-ஆம் நாள் நிஷிசாகா என்னும் மேட்டிற் சிலுவையில் அறையப்பட்ட இருபத்தறுவருள் அவரும் ஒருவர். 1614-இல் கிறிஸ்து மார்க்கம் நாடெங்கும் விலக்கப்பட்டது. பின்னர், மீட்பர் உருவத்தையும் அன்னை மரியின் உருவத்தையும் பொறித்த தகடுகளை ஆண்டுதோறும் ஊரார் காலால் மிதித்துக் காட்டவேண்டும் என்னும் கொடுவிதியும் நாகசாகியில் நிலைபெற்றது.

போர்த்துக்கீசியரை ஊரினின்றும் பிரித்து வைப்பதற்காகவே 1636-இல் கடலைத் தூர்த்து விசிறி வடிவில் ஒரு தீவு அமைத்தனர். அதன் பெயர் தேஜிமா. மூன்றாண்டுகளில் அவர்கள் நாட்டைவிட்டே துரத்தப்பட, 1641-இல் ஒல்லாந்த வணிகர் அதில் குடியமர்த்தப்பட்டனர். கரையோடு அதனைச் சேர்ப்பது ஒரே பாலம், பாலத்தருகே காவற்சாவடி. தாசியர் ஒழிந்த பெண்டிரும், கோயா மலைத் துறவியர் ஒழிந்த பிற துறவியரும், இரவலரும் உள்ளே புகலாகாது என்று அறிவிப்புப் பலகை நாட்டியிருந்தனர். ஒல்லாந்தர் தொகை பெரும்பாலும் பத்துப் பதினைந்து பேரே. அவர்களைச் சூழ்ந்திருந்த துபாஷிகளும் காவலரும் கணக்கரும் அதனினும் மிகப் பலர்.

இச்சிறைபோன்ற தீவுக்கும் நம் சோழமண்டலக் கரைக்கும் தொடர்பு உண்டென்று அறிந்தபோது யாம் பெரிதும் வியந்தோம். ஒல்லாந்தர் நம் கரையில் வாங்கிய கோடிட்ட பருத்தித் துணி பத்தாவியா வழியாக நாகசாகி சேர்ந்தது. அத்துணியை ஜப்பானியர் இன்றும் ‘சந்தோமே’ வரித்துணி என்றே வழங்குகின்றனர். நம் மயிலாப்பூரைச் சார்ந்த சாந்தோமின் பெயரே அது. மறுதலையாக, நாகசாகியில் ஏற்றிய செம்பு நம் கரைத் துறைகளில் வந்து விலையாயிற்று. சரக்கு தடையின்றிச் சென்று வந்தது, செய்திக்கே தடை.

அத்தடையை முதன்முதல் நன்கு கடந்தவர் எங்கெல்பெர்ட் கெம்ப்பர் என்னும் ஜெர்மானிய வைத்தியர். அவர் 1690-இல் வந்து 1692-இல் மீண்டார். வந்தவுடன் தேஜிமாவைத் தம் காலடியால் அளந்து, நீளம் 236 அடி வைப்பு, அகலம் 82 அடி வைப்பு என்று எழுதிக்கொண்டார். ஒருவன் தன் உலகம் முழுவதையும் சில நிமிஷத்தில் நடந்து அளந்துவிடுவது எத்தகைய நிலை! ஆண்டுக்கொருமுறை ஒல்லாந்தர் தலைவன் எதோ நகரம் சென்று ஷோகுனுக்குக் காணிக்கை செலுத்துவது வழக்கம். கெம்ப்பரும் இருமுறை உடன் சென்றார். அரண்மனையில் திரைக்குப் பின் இருந்து ஷோகுன் காண, அவர் ஆடவும் பாடவும் ஏவப்பட்டார். இப்பகுதியைப் படிக்குங்கால் யாம் முதலில் நகைத்தோம். வேற்றுநாட்டாரை வேடிக்கைப் பொருளாகக் காண்பது நம் ஊர்ச் சந்தையிலும் காணாததன்று என்பது பின்னரே நினைவுக்கு வந்தது.

ஜப்பானைப்பற்றி அந்நியருக்கு யாதும் உரைப்பதில்லை என்று துபாஷிகள் ஆணையிட்டிருந்தனர். கெம்ப்பரோ அவர்கட்கு மருந்து கொடுத்தார், வானநூலும் கணக்கும் கற்பித்தார், மேனாட்டு மதுவையும் தாராளமாக வழங்கினார். மேலும் தமக்கு ஏவலாளாக அமர்த்தப்பட்ட ஓர் இளைஞனுக்கு ஒல்லாந்த மொழியையும் மருத்துவத்தையும் பயிற்றினார். அவ்விளைஞனே அவருக்கு நூல்களைக் கொணர்ந்து பொருள் விளக்கியவன். கெம்ப்பர் இறந்து பதினோராண்டு சென்று, 1727-இல் லண்டனில் வெளிவந்த அவரது ஜப்பான் சரித்திரத்தை மேனாட்டறிஞர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆதாரமாகக் கொண்டனர். அதில் அவ்விளைஞனின் உதவி நன்றியோடு கூறப்பட்டுள்ளது. பெயர் மட்டும் இல்லை. மறந்துவிட்டாரல்லர், மறைத்தே விட்டார். அவன் இமாமுரா கெனெமோன் என்பது இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆராய்ச்சியாளரால் தெளியப்பட்டது. நூலாசிரியன் ஒருவன் நன்றி செலுத்தும் முறைகளுள் இவ்வாறு பெயர் கூறாதொழிதலும் ஒன்று என்பதை யாம் இங்கேதான் கற்றோம்.

கார்ல் பீட்டர் துன்பெரி என்னும் ஸ்வீடன் நாட்டவர், லின்னேயஸின் மாணாக்கர், 1775-இல் வந்தார். ஒல்லாந்தராகக் காட்டிக்கொள்வதன்பொருட்டு நன்னம்பிக்கை முனையில் மூன்றாண்டு தங்கி அம்மொழியைப் பழகினார். மலைகளிற் சென்று செடிகொடிகளை ஆராய உடனே இசைவு கிடைத்திலது. ஆகவே, தீவிலிருந்த ஆடுமாடுகட்கு ஊரிலிருந்து வரும் புற்கட்டுகளைப் பிரித்து, அவற்றுட் கலந்திருந்த அரிய தழைகளைப் பொறுக்கி உலர்த்தலானார்! 1776-இல் விடைகொண்டு, மறு ஆண்டில் இலங்கையையும் கண்டு, ஊர் மீண்டு, 1784-இல் ஜப்பான் தாவரநூலை வெளியிட்டார்.

இவர்க்குப்பின் வந்த சீபோல்டின் வரலாறு வேறுவகை. பிலிப் பிரான்ஸ் வோன் சீபோல்ட் 1823-இல் தேஜிமாவுக்கு வைத்தியராக வந்தார். கண்ணறுவை முதலியவற்றில் அவர் காட்டிய திறமையால் அதிகாரிகள் இளகி, ஊர்ப்புறத்து நாருதாகி என்னுமிடத்தில் அவர் பள்ளி நடத்தவும் உடன்பட்டனர். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் இளைஞர் வந்து அவரிடம் மேனாட்டு மருத்துவம் கற்றனர். கல்விக்குக் கைம்மாறாக அவர்கள் ஒல்லாந்த மொழியில் தத்தம் நாட்டு வழக்கங்களைக் கட்டுரையாக எழுதிக் கொடுத்தனர். ஆசிரியர்க்குப் பாடம் ஒப்பிக்கும் நாம் நம்மையறியாமலே அவர்க்கு ஒரு நூல் எழுதிக்கொடுப்பது போலாம் இது!

1826-இல் எதோ சென்றபோது, அரசாங்க வானநூலாரும் நூலகத் தலைவருமாகிய தகஹாஷி ககேயாசுவோடு சீபோல்ட் நட்புக்கொண்டார். தகஹாஷிக்கு வேண்டியது ருஷியக் கடற்பிரயாணி குருசென்ஸ்டெர்னின் நூல். சீபோல்டுக்கு வேண்டியது இனோ ததாதகா என்பார் 1800 முதல் 1816 வரை நாடெங்கும் நடந்து அளந்து ஆக்கிய தேசப்படம். படத்தை அந்நியர்க்குக் கொடுத்தல் பெருங்குற்றம்; இருவரும் இதனை அறிவர். எனினும் அறிவாசை இருவரையும் ஈர்த்தது. 1828-இல் செய்தி வெளிப்பட்டது. தகஹாஷி சிறைப்பட்டு 1829-இல் அங்கேயே மாண்டார். தீர்ப்பு வருமளவும் அவர் உடலை உப்பிலிட்டு வைத்திருந்து, பின் அவ்வுடலுக்கே மரண தண்டனை விதித்தனர். துபாஷிகளும் மாணாக்கரும் பலர் தண்டனையுற்றனர். சீபோல்டோ அவ்வாண்டின் இறுதியில் நாடு கடத்தப்பட்டார், அவ்வளவே.

அவர் தம் நண்பரைக் காக்க முயலாதவரல்லர். அதனால் அவரைக் கொடியவரெனக் கூறல் நீதியன்று. ஆயினும் ஒரே செயலுக்கு யாத்திரிகன் பெற்றது கப்பலேறும் கட்டளை, அவ்வூரான் பெற்றது சாவு என்பதை நாம் மறைத்தலாகாது. அவர் ஊர் திரும்பி எழுதிய ‘நிப்பான்’ என்னும் பெருநூல் 1832 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. அதன் ஏடுகளைப் புரட்டுவார் தகஹாஷியையும் நினைப்பாராக. நாகசாகியில் அவர் விட்டுச்சென்றது தாகி என்னும் துணைவியையும், இரண்டு வயது நிரம்பிய மகள் இனேயையும். தாகியின் பெயரை ஒரு நீலமலர்ச் செடிக்கு இட்டதும் அவரே. முப்பதாண்டு கழித்து 1859-இல் அவர் மீண்டு வந்தபோது, தந்தையின் மாணாக்கரிடமே மருத்துவம் கற்ற மகளைக் கண்டார். மேனாட்டு மருத்துவம் பயின்ற ஜப்பானியப் பெண்டிருள் முதல்வராக இன்று எண்ணப்படுபவர் அவ்வினேயே.

இம்மூவரும் அறிவிற் பெரியோர். கண்ணைக் கூர்மையாக வைத்திருந்தோர். எனினும் தேஜிமாவிலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் எய்தக்கூடிய உரகாமி என்னும் சிற்றூரில், குருவின்றி, கோயிலின்றி, தாயும் தந்தையும் வாயாற் சொல்லிக்கொடுத்த ஜெபங்களைக்கொண்டே தலைமுறை தலைமுறையாக ஒரு கிறிஸ்தவக் கூட்டம் வாழ்ந்துவந்தது வேலிக்குள் இருந்தார்க்கு எட்டிலது. வெளிப்படுத்தினவர் யாத்திரிகர் அல்லர், அவ்வூராரே. நாடு திறக்கப்பட்டபின் அந்நியர்க்கென ஓவுராவில் ஓர் ஆலயம் கட்டப்பட்டது. 1865 மார்ச் 17-ஆம் நாள் பதினைவர் அளவில் ஒரு சிறு கூட்டம் அங்கே வந்தது. பெண்ணொருத்தி பெத்திஜான் குருவின் அருகே சென்று, தங்கள் நெஞ்சமும் அவர் நெஞ்சமும் ஒன்றேயென மெல்லிய குரலிற் சொல்லி, அன்னை மரியின் உருவம் எங்கேயென வினவினாள். அந்த வினாவின் பின்னால் இருநூற்றைம்பது ஆண்டு மௌனம் இருந்தது.

அதன் விலையும் சிறிதன்று. விலக்கு இன்னும் நீங்கவில்லை. 1867-இல் மீண்டும் துன்புறுத்தல் தொடங்கி, உரகாமியார் ஏறத்தாழ 3,400 பேர் பல மாகாணங்களுக்குச் சிதறடிக்கப்பட்டனர். அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1873-இல் விலக்குப் பலகைகள் அகற்றப்பட்டபின் எஞ்சியோர் ஊர் திரும்பினர். திரும்பியவர்கள், தம் முன்னோர் உருவத் தகட்டை மிதிக்கும்படி நிறுத்தப்பட்ட ஊர்த்தலைவன் வீட்டு மனையையே விலைக்கு வாங்கினர். அங்கேயே பின்னாளில் அவர்கள் பேராலயம் எழுந்தது.

நீராவிக் கப்பல்கள் வந்தபின் யாத்திரிகர் தொகை பெருகியது, நூலின் ஆழம் குறைந்தது. பிரெஞ்சுக் கடற்படையாளர் பியேர் லோத்தி 1885-இல் சில வாரம் தங்கி, பணங்கொடுத்து ஒரு பெண்ணைத் தற்காலிக மனைவியாகக் கொண்டு, அதனைக் கதையாக்கி 1887-இல் வெளியிட்டார். அவர் கண்ணுக்கு நாகசாகி ஒரு பொம்மைக் கடையாகவே தோன்றிற்று. உரகாமியார் சிறையினின்று மீண்ட பன்னிரண்டாம் ஆண்டு அது என்பதை நினைவிற்கொண்டு படித்தால் அந்நூலின் இனிமை குறையும். 1893-இல் சிகாகோ செல்லும் வழியில் சுவாமி விவேகானந்தர் இவ்வூரில் சில மணி நேரம் இறங்கி வண்டியிற் சுற்றினார். ஜப்பானியரின் தூய்மையை வியந்து, யோகஹாமாவிலிருந்து அளசிங்கப் பெருமாள் முதலிய சென்னை அன்பர்க்கு அவர் வரைந்த கடிதம் புகழ்பெற்றது. அவரும் கண்டது சிறிதே. ஆனால் கண்டதைக்கொண்டு அவர் பிறரை எள்ளினாரல்லர், நம்மையே கடிந்தார்.

1945 ஆகஸ்டு 9-ஆம் நாள் முற்பகல் 11 மணி 2 நிமிஷத்திற்கு நாகசாகியின்மேல் அணுக்குண்டு வீழ்ந்தது. அது வெடித்த இடத்தினின்று உரகாமிப் பேராலயம் அரைக்கல் தொலைவுதானும் இல்லை. அப்பங்கைச் சேர்ந்த பன்னீராயிரம் பேருள் எண்ணாயிரத்தைந்நூறு பேர் மாண்டனர் என்பர். அவ்வாண்டு இறுதிக்குள் இறந்தோர் தொகை ஊர் முழுவதற்கும் சுமார் 74,000.

செப்டம்பர் 6-ஆம் நாள் ஜார்ஜ் வெல்லர் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர், படைத்தலைவர் விதித்த தடையை மீறி, தம்மைக் கர்னல் எனக் காட்டிக்கொண்டு, பட்டினத்துட் புகுந்தார். அவர் விடுத்த முதற்செய்தியில் இக்குண்டு பிற ஆயுதங்களைப் போன்றதே, சற்றுப் பெரியது என்னும் எண்ணமே காணப்படுகின்றது. பின்னர் வைத்தியசாலைகளிற் சென்று, மேனியில் காயம் யாதுமின்றி, வாயில் புண்ணும் தோலில் செம்புள்ளியும் தோன்றி நாளுக்குநாள் நலிந்து இறப்பாரைக் கண்டார். ஜப்பானிய வைத்தியர் கூறியவற்றைக் கேட்டார். முன் எழுதியதை மாற்றி எழுதினார். தாம் எழுதிய ஊரையே மறுநாள் மீண்டும் சென்று பார்த்துத் தம்மைத் திருத்திக்கொள்ளும் யாத்திரிகர் மிகச் சிலரே. ஆனால் அவர் செய்திகளை டோக்கியோவிலிருந்த படைத் தணிக்கையாளர் நிறுத்திவிட்டனர். கெம்ப்பர் நாளில் ஷோகுனின் காவலர் செய்ததை இந்நாளில் அமெரிக்கக் காவலர் செய்தனர் போலும்! வெல்லர் 2002-இல் இறந்தபின் அவர் மகன் பழைய தாள்களிடையே படிகளைக் கண்டெடுத்தமையால் 2006-இல் அவை நூலாயின.

தேஜிமாவைச் சுற்றியிருந்த கடல் சிறிது சிறிதாகத் தூர்க்கப்பட்டு, 1904-க்குள் அது தீவென்னும் தன்மை இழந்தது. பழைய பாலமும் 1888-இல் அகற்றப்பட்டிருந்தது. 1996 முதல் நகரத்தார் அங்கிருந்த வீடுகளையும் பண்டசாலைகளையும் பண்டைய வடிவிலேயே மீளக் கட்டிவருகின்றனர். 2017-இல், பாலம் இருந்த இடத்தில் புதிய பாலம் ஒன்று அமைக்கப்பட்டது. ஊரார் இப்போது சீட்டு வாங்கிக்கொண்டு அதன்மேல் நடந்து தேஜிமாவுக்குள் செல்கின்றனர்.