சதுரங்கத்தில் நான்கு சிறப்பு விதிகள்

காய்களை நகர்த்தத் தெரிந்தால் செஸ் தெரிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போன வருடம் ஒரு போட்டிக்குப் போனேன். முதல் சுற்றில் எதிரே உட்கார்ந்த பையன், என் சிப்பாய் நிற்காத கட்டத்தில் தன் சிப்பாயை வைத்துவிட்டு என் சிப்பாயை எடுத்துக்கொண்டான். "சார், இவன் தப்பா ஆடுறான்!" என்று கையைத் தூக்கினேன். நடுவர் வந்து பார்த்தார். "சரியாத்தான் ஆடியிருக்கான் தம்பி. விதியே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு எனக்கு ஆட்டமே ஓடவில்லை. தோற்றேன்.

நன்றாக ஆடித் தோற்றால் வருத்தமில்லை. விதி தெரியாமல் தோற்றால் மனசு ஆறாது. நம் பள்ளியில் இன்னொருவருக்கு அது நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு விதிக்கும் ஒரு காரணம் உண்டு. காரணம் புரிந்தால் விதி மறக்காது.

1. என் பஸான்ட்

இது பிரெஞ்சுச் சொல். 'போகிற போக்கில்' என்று பொருள். பழைய காலத்தில் சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான் நகரும். ஆட்டம் விறுவிறுப்பாக இருக்க, முதல் நகர்வில் இரண்டு கட்டம் போகலாம் என்று ஐரோப்பாவில் மாற்றினார்கள். உடனே ஒரு சிக்கல் வந்தது. எதிரிச் சிப்பாயின் வெட்டுக்குத் தப்பி, ஒரே தாவலில் பக்கத்தில் போய் நின்றுவிடலாமே! அதைத் தடுக்கத்தான் இந்த விதி.

உதாரணம்: வெள்ளைச் சிப்பாய் ஈ5ல் நிற்கிறது. கறுப்புச் சிப்பாய் டி7லிருந்து டி5க்குத் தாவுகிறது. அது டி6ல் நின்றது போலவே எண்ணி, வெள்ளைச் சிப்பாய் டி6க்குப் போய் அதை வெட்டலாம். ஆனால் அடுத்த நகர்விலேயே வெட்ட வேண்டும். ஒரு நகர்வு தள்ளிப்போட்டால் உரிமை போச்சு! சிப்பாய்க்குச் சிப்பாய் மட்டுமே இப்படி வெட்ட முடியும்.

2. கேஸ்லிங் (கோட்டை கட்டுதல்)

நடுவில் நிற்கும் ராஜாவுக்கு ஆபத்து. மூலையில் இருக்கும் யானையோ சும்மா தூங்குகிறது. இரண்டையும் ஒரே நகர்வில் சரி செய்வதுதான் கேஸ்லிங். ராஜா யானைப் பக்கமாக இரண்டு கட்டம் போவார். யானை அவரைத் தாண்டி அடுத்த கட்டத்தில் நிற்கும்.

நிபந்தனைகள்:
* ராஜாவும் அந்த யானையும் அதுவரை நகர்ந்திருக்கக் கூடாது.
* இடையில் எந்தக் காயும் இருக்கக் கூடாது.
* ராஜா செக்கில் இருக்கக் கூடாது. அவர் கடக்கும் கட்டமும், போய்ச் சேரும் கட்டமும் எதிரியின் தாக்குதலில் இருக்கக் கூடாது.

யானை தாக்குதலில் இருந்தால்? தாராளமாகக் கட்டலாம்! 1974ல் மாஸ்கோவில் கார்போவுடன் ஆடியபோது, விக்டர் கோர்ச்னாய்க்கே இந்தச் சந்தேகம் வந்து நடுவரிடம் கேட்டார். அந்த ஆட்டத்தில் ஜெயித்ததும் அவர்தான். அதனால் கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்.

கவனம்: முதலில் ராஜாவைத்தான் தொட வேண்டும். யானையை முதலில் தொட்டால், தொட்ட காயை ஆட வேண்டும் என்ற விதி வந்துவிடும்.

3. பதவி உயர்வு

கடைசி வரிசையைத் தொட்ட சிப்பாய் ராணி, யானை, பிஷப், குதிரை இவற்றில் ஒன்றாக மாறியே ஆக வேண்டும். சிப்பாயாகவே நிற்க முடியாது, ராஜாவாகவும் ஆக முடியாது. வெட்டுப்பட்ட காயைத்தான் திரும்ப வாங்கலாம் என்று பலர் சொல்கிறார்கள். அது தவறு. பலகையில் ராணி இருக்கும்போதே இன்னொரு ராணி வாங்கலாம். போட்டியில் மட்டும் யானையைக் கவிழ்த்து வைத்து ராணி என்று சொல்லாதீர்கள், யானையாகவே எடுத்துக்கொள்வார்கள். கடிகாரத்தை நிறுத்தி நடுவரிடம் ராணியைக் கேட்டு வாங்குங்கள்.

4. ஸ்டேல்மேட்

மூன்றாம் சுற்றில் எதிராளியிடம் மிச்சம் ராஜா மட்டும்தான், ஏ8ல் இருந்தார். நான் ஆசை ஆசையாக ராணியை சி7ல் வைத்தேன். அவருக்குச் செக் இல்லை, ஆனால் நகரவும் இடமில்லை. ஆட்டம் டிரா! கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. செக்கும் இருந்து தப்பிக்க வழியும் இல்லாமல் போனால்தான் வெற்றி. ஜெயிக்கிற நேரத்தில், "எதிராளிக்கு ஒரு நகர்வாவது இருக்கா?" என்று பார்த்துவிட்டுக் கையை எடுங்கள்.

மூளைக்கு வேலை

வெள்ளை: ராஜா எஃப்6, சிப்பாய் எஃப்7. கறுப்பு: ராஜா ஹெச்7. வெள்ளை ஆட வேண்டும். சிப்பாயை எதுவாக மாற்றுவீர்கள்?

விடை: ராணி வாங்கினால் ஸ்டேல்மேட்! யானை வாங்குங்கள். கறுப்பு ராஜாவுக்கு ஹெச்6 ஒன்றுதான் வழி. அடுத்து யானை ஹெச்8, செக்மேட்!

நம்பிக்கை இல்லையா? மதிய இடைவேளையில் பலகையோடு வாருங்கள், வைத்துப் பார்ப்போம்!

- 9ஆம் வகுப்பு மாணவன்